ஒரு மரணத்துக்கு எழுபது சொல்

ஆண்டுக்கு நான்கு இதழ்.
கடைசிப் பக்கங்கள் என் பொறுப்பு.
பட்டம் பெற்ற ஆண்டு, ஊர், வேலை,
விட்டுச்சென்றவர்களின் பெயர்கள்.
எழுபது சொல்லைத் தாண்டினால்
அச்சகத்தில் வாலை நறுக்கிவிடுவார்கள்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு
ஒரு காலத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கினேன்.
பிறகு ஒன்று.
பிறகு, குளிர்கால மேலங்கி விளம்பரத்துக்குக் கீழே
கால் பக்கம்.

வகுப்புச் செயலாளர் தோர்டிஸ் லொக்கன்
ஃபார்கோவிலிருந்து அஞ்சலட்டை போடுவார்:
"ஆர்விட் இறைவனடி சேர்ந்தான் என்று எழுதியிருக்கிறாய்.
அறுபது வருஷமாக அவனுக்கும் இறைவனுக்கும்
பேச்சுவார்த்தையே கிடையாது.
செத்துப்போனான் என்று போடு."

வெர்னல் ஓஸ்ட்பியின் மகன் தந்தது ஒரே வரி:
பசிபிக் கடற்படை, பிறகு காப்பீட்டு அலுவலகம்.
தோர்டிஸ் எழுதினார்:
"மார்ச்சில் ஆற்றுப் பனி உடையும் சத்தம்
அவனுக்கு ஆகாது.
ஒவ்வொரு மார்ச்சிலும்
அரிசோனாவில் தங்கை வீட்டுக்கு ஓடிவிடுவான்.
அவள் செத்த பிறகும் போனான்,
அந்த ஊர் விடுதிக்கு."
இடம் போதவில்லை.
காப்பீட்டு அலுவலகத்தை எடுத்துவிட்டுப் பனியைச் சேர்த்தேன்.
மகன் கோபித்துக்கொண்டார்.

தோமொயே குராமோட்டோவுக்காகப்
பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஐடஹோ பாலைவனத்தில்
முள்கம்பிக்குள்ளிருந்து அனுமதிச் சீட்டோடு
இங்கே வந்து இறங்கியவர், ஒரு ஜனவரியில்,
கையுறை இல்லாமல்.
நிரந்தர முகவரி என்ற கட்டத்தில்
தெளிவான கையெழுத்து:
பதினான்காம் பிளாக், ஆறாம் கொட்டகை.
எழுத்தர் யாரோ பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு
அழித்திருக்கிறார்.
அழித்த தடம் இன்னும் இருக்கிறது.

போரில் மாண்டவர்களுக்கு நான் எழுதவில்லை.
அவர்களை எழுதிய கை
நான் பிறக்கும் முன்பே ஓய்ந்துவிட்டது.
எனக்குக் கிடைத்தவர்கள்
திரும்பி வந்து, வரி கட்டி,
முழங்கால் வலித்து, மெல்ல மெல்லச் செத்தவர்கள்.

ஒரு புகைப்படம் உண்டு.
நாற்பத்து மூன்று வசந்தம், தேவாலயப் பாடகர் குழு.
டெனர் வரிசையில் நின்ற பதினொரு பேரையும்
ராணுவம் எடுத்துக்கொண்டது.
பேராசிரியர் ரோனிங்
குரல் தாழ்ந்த ஏழு பெண்களை
அந்த வரிசைக்கு நகர்த்தினார்.
இடமிருந்து மூன்றாவது தோர்டிஸ்.
வாய் திறந்திருக்கிறது,
பாட்டா, கொட்டாவியா தெரியவில்லை.

இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்புக்கு
பதினொரு பேரில் ஆறு பேர் வந்தார்களாம்.
பழைய இடத்தில் போய் நின்றார்களாம்.
"நாங்கள் நகரவில்லை," என்றார் தோர்டிஸ் தொலைபேசியில்.
"இடித்துக்கொண்டு நின்று பாடினோம்.
சுருதி படுமோசம்."

போன மாதம் ஃபார்கோவிலிருந்து ஓர் உறை.
முதியோர் இல்லத்துச் செவிலி அனுப்பியது.
தோர்டிஸ் தனக்குத் தானே
தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்பு,
தேதிக்கு மட்டும் இடம் விட்டு.
அடியில் பேனாவால்:
"எண்ணிப் பார். அறுபத்தொன்பது.
தேதி கணக்கில் சேராது.
மிச்சம் ஒன்று உன்னுடையது.
அன்பான என்று மட்டும் போட்டுத் தொலைக்காதே."

மூன்று நாள் வைத்திருந்தேன்.
ஆசிரியை என்று அடித்துப் பார்த்தேன், அழித்தேன்.
நாற்பத்து மூன்றாம் வகுப்பில்
இனி என்னைத் திருத்த ஆளில்லை.

அச்சகத்திலிருந்து அழைத்தார்கள்:
"பெண் பெயருக்குப் பக்கத்தில்
டெனர் என்று இருக்கிறதே, பிழையா?"

இல்லை என்றேன்.
எழுபதுக்குள்தான் இருக்கிறது,
எண்ணிக்கொள்ளுங்கள்.